பிறப்பைப் பார்த்துப் புள்ளி போடும் படை நமக்கு எதற்கு?



“ஊரே பற்றி எரியும்போது பொம்மை வைத்து விளையாடுவதைப் பற்றி ஒரு கட்டுரையா?” என்று சிலர் கேட்பீர்கள். நாங்களும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். நெய்வேலி நகரியத்தில் ஞாயிறு மாலைகளில் கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில் நடந்த ஒரு சின்ன விஷயம் அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது.

வட்டத்துக்கு வரும் பையன் ஒருவனுக்கு வெளிநாட்டு உறவினர் ஒரு பெட்டி கொண்டுவந்து தந்திருந்தார். கற்பனை உலகப் போர் விளையாட்டு. விரல் உயர மினியேச்சர் வீரர்கள், பகடைகள், தூரம் அளக்க டேப், தடிமனான விதிப்புத்தகம். ஒரு பக்கம் எல்ஃப் படை: வெளுத்த தோல், கூர்ந்த காது, வெள்ளிக் கவசம். மறுபக்கம் ஓர்க் படை: கருத்த உடம்பு, துருத்திய பல், கிழிந்த தோலாடை. யாருக்கு எந்தப் படை என்ற பேச்சு வந்ததும், ஒரு பையன் சிரித்துக்கொண்டே இன்னொருவனிடம் சொன்னான்: “டேய், உனக்கு ஓர்க்தான்டா கரெக்ட். உங்க ஏரியா ஆளுங்க மாதிரியே இருக்கு.” சொன்னவன் நகரியத்துக் குவார்ட்டர்ஸ் பையன். கேட்டவன் நகரியத்துக்கு வெளியே உள்ள சேரியிலிருந்து வருபவன், ஒப்பந்தத் தொழிலாளியின் மகன். அவனும் சிரித்தான். ஓர்க் படையை எடுத்துக்கொண்டான்.

ஆட்டம் முடிந்து கலையும்போது, அதுவரை பேசாமல் இருந்த ஒரு தங்கை கேட்டாள்: “அண்ணா, நம்ம படைய நாமளே செஞ்சுக்கிற மாதிரி விதி எதுவும் இல்லையா?”

இருக்கிறது. அதைத் தேடிப் போனபோது நாங்கள் கண்டதையும், எங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டதையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

படைப் பட்டியல் என்ற மனுநூல்

இந்த விளையாட்டுகளின் வரலாறு நீண்டது. 1824இல் பிரஷ்யாவின் ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ், அதிகாரிகளுக்குப் பயிற்சி தர வரைபடத்தின் மேல் ஆடும் போர் விளையாட்டை விதிகளோடு வெளியிட்டார். 1913இல் எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் பொம்மைச் சிப்பாய்களை வைத்து வீட்டுத் தரையில் ஆடும் விதிகளைப் புத்தகமாகப் போட்டார். கற்பனை உலகத்துக்கு இதைப் பெரிய சந்தையாக்கியது 1983இல் இங்கிலாந்தில் வெளிவந்த வார்ஹாமர்.

பெரும்பாலான ஆட்டங்களில் ‘படைப் பட்டியல்’ என்று ஒன்று இருக்கும். ஒவ்வொரு இனத்துக்கும் தனிப் பட்டியல். எல்ஃப் என்றால் வேகம், அறிவு, ஒழுக்கம். ஓர்க் என்றால் முரட்டுத்தனம், முட்டாள்தனம், தங்களுக்குள்ளேயே அடித்துக்கொள்ளும் குணம். கோப்ளின் என்றால் கோழைத்தனம். ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு புள்ளி விலை. இரண்டு பேரும் சம புள்ளிக்குப் படை எடுத்து மோத வேண்டும். ஓர்க்காகப் பிறந்த ஒருவன் படித்தவனாக, பொறுமையானவனாக, நல்ல தலைவனாக இருக்க அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இடமில்லை. அவன் என்ன செய்கிறான் என்பதை விட, எந்த இனத்தில் பிறந்தான் என்பதே அவனுடைய எண்களை முடிவு செய்கிறது.

இதை எங்கேயோ படித்த மாதிரி இல்லையா? 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் அண்ணல் அம்பேத்கர் எடுத்து வைத்த வாதம் இதுதானே. சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை. வேலை செய்யும் மனிதர்களையே பிறப்பால் பிரித்து, ஒருவர்மேல் ஒருவராக அடுக்கி வைக்கிறது. ஒவ்வொரு பிறப்புக்கும் ஒரு குணம், ஒரு தொழில், ஒரு விலை.

“அது வெறும் கற்பனை, ஓர்க் என்று யாரும் கிடையாது” என்பார்கள். கற்பனை வானத்திலிருந்து விழுவதில்லை. ஓர்க்குகளை நமக்குத் தந்த டோல்கீன், அவற்றின் உருவத்தை விளக்க மங்கோலிய முகத்தையே தம் கடிதம் ஒன்றில் எடுத்துக்காட்டினார். நம் புராணங்களில் அசுரனுக்கும் அரக்கனுக்கும் பூசப்பட்ட நிறம் எது என்று உங்களுக்கே தெரியும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற புகழ்பெற்ற ஆட்டத்தின் நிறுவனமே, அமெரிக்காவில் கறுப்பின மக்களின் போராட்டம் வெடித்த 2020இல், ஓர்க்குகளையும் கருத்த தோல் எல்ஃப்களையும் பிறவித் தீயவர்களாகக் காட்டியது தவறு என்று ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. அதே ஆண்டு, பிறந்த இனத்தோடு ஒட்டியிருந்த திறன் எண்களை ஆடுபவர் விருப்பப்படி மாற்றிக்கொள்ள விதி கொண்டுவந்தது. 2024 விதிப்புத்தகத்தில் ‘இனம்’ என்ற சொல்லையே எடுத்துவிட்டது. கற்பனைதானே என்று அவர்களே விட்டுவிடவில்லை.

பட்டியல் நிஜமாகவே எழுதப்பட்ட நாடு இது

இந்தப் பட்டியல் மேசை மேல் மட்டும் இருந்ததில்லை. உண்மையான மனிதர்களை வைத்து உண்மையான படைப் பட்டியல் எழுதப்பட்ட நாட்டில்தான் நாம் வாழ்கிறோம்.

1818 ஜனவரி 1 அன்று பீமா கோரேகானில் பேஷ்வா படைக்கு எதிராக நின்ற கம்பெனிப் படையில் மகர் வீரர்கள் இருந்தார்கள். அங்குள்ள தூணில் பொறிக்கப்பட்ட 49 பெயர்களில் 22 பெயர்கள் ‘நாக்’ என்று முடியும் மகர் பெயர்கள். 1927இல் அண்ணல் அங்கு போய் நின்றார். பம்பாய்ப் படையில் மகர்கள் இருந்ததைப் போல, மதராஸ் படையிலும் அதன் பயனியர், சாப்பர் பிரிவுகளிலும் பறையர் சமூகத்து வீரர்கள் கணிசமாக இருந்தார்கள். போர்க்களத்தில் இவர்கள் யாரும் தோற்று ஓடியதால் வெளியே தள்ளப்படவில்லை. ஒரு பட்டியல் வந்தது. அதில் இவர்கள் இல்லை.

1857க்குப் பிறகு ஆங்கிலேய அரசு ‘போர் இனங்கள்’ என்ற கொள்கையை வளர்த்தது. சில சாதிகளும் சில வட்டாரத்தாரும் பிறவியிலேயே வீரர்கள், மற்றவர்கள் சண்டைக்கு லாயக்கற்றவர்கள் என்பது அதன் சாரம். இதை முன்நின்று நடத்தியவர்களில் முக்கியமானவர் லார்ட் ராபர்ட்ஸ். முதலில் மதராஸ் படைக்குத் தளபதி; பின்னர் 1885 முதல் 1893 வரை இந்தியப் படைக்கே தலைமைத் தளபதி. தென்னாட்டுச் சிப்பாய்கள் போருக்கு உதவாதவர்கள் என்பது அவர் கருத்து. படையில் ஆள் சேர்க்கும் அதிகாரிகளுக்காகச் சாதிவாரியாகக் கையேடுகள் அச்சிடப்பட்டன. இந்தச் சாதிக்காரன் எப்படிப்பட்டவன், எந்த ஊரில் நல்ல ஆள் கிடைப்பான், யாரைச் சேர்க்கக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கும். இன்றைய வார்கேம் படைப் புத்தகத்தையும் அந்தக் கையேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அமைப்பு ஒன்றுதான். ஒன்றில் எல்ஃப், இன்னொன்றில் ராஜபுத்திரர்.

விளைவு என்ன? 1890களில் மகர்களைப் படையில் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. மதராஸ் பட்டாளங்கள் சுருக்கப்பட்டு வடக்கத்தி ஆட்களால் நிரப்பப்பட்டன. படை வேலை என்பது அன்றைய தாழ்த்தப்பட்ட மக்களுக்குச் சம்பளம், பென்ஷன், பிள்ளைகளுக்குப் படிப்பு. அண்ணலின் தந்தை ராம்ஜி சக்பால் சுபேதார். அண்ணல் 1891இல் பிறந்ததே மோவ் கன்டோன்மென்ட்டில். அந்தக் கதவு அதன்பின் மூடப்பட்டது. கோபால் பாபா வாலங்கர் போன்ற ஓய்வுபெற்ற மகர் படைவீரர்கள் மனு எழுதிப் போராடினார்கள். முதல் உலகப் போரில் ஆள் பற்றாக்குறை வந்ததும் 1917இல் ஒரு மகர் படைப்பிரிவை அமைத்தார்கள். போர் முடிந்து சில ஆண்டுகளில் கலைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் மீண்டும் ஆள் தேவைப்பட்டது. 1941இல் மகர் ரெஜிமென்ட் வந்தது. 1943இல் வந்த சமார் ரெஜிமென்ட் 1946இல் கலைக்கப்பட்டது. போர் என்றால் வீரன், சமாதானம் என்றால் தீண்டத்தகாதவன்.

அந்தப் பட்டியலின் வால் இன்னும் அறுபடவில்லை. குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படைக்கு ஜாட், ராஜபுத், சீக்கியர் என்று மூன்று வகுப்பாரை மட்டும் எடுப்பது பற்றிய வழக்குகள் நம் காலத்தில்தான் நீதிமன்றம் வரை போயின.

ஆகவே ஓர்க் படையை அந்தத் தம்பி கையில் திணித்ததை ‘சும்மா ஜாலிக்கு’ என்று எங்களால் விட முடியவில்லை.

வேறு விதி உண்டு

ஆட்டம் என்றாலே பிறப்பு வரிசைதான் என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் பாட்டிமார் தரையில் கோடு கிழித்து ஆடிய ஆடு புலி ஆட்டத்தைப் பாருங்கள். 3 புலி, 15 ஆடு. புலி தாவிக் கொல்லும்; ஆட்டால் கொல்ல முடியாது. ஆனால் ஆடுகள் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காமல் நகர்ந்தால் புலி அசைய வழியில்லாமல் முடங்கும். சதுரங்கத்திலும் ஒன்று கவனியுங்கள். கடைசிக் கட்டம் சேர்ந்த சிப்பாய் இன்று ராணியாகலாம், எதுவாகவும் ஆகலாம். பழைய இந்திய முறையிலோ, எந்த வரிசையில் போய்ச் சேர்ந்ததோ அந்த வரிசைக் காயாகத்தான் ஆக முடியும். ஒரு விதி மாறினால் ஆட்டத்தின் நியாயமே மாறுகிறது.

மினியேச்சர் ஆட்டங்களிலும் சொந்தப் படையைக் கட்ட விடும் விதிகள் பல உண்டு. நாங்கள் படித்தும் ஆடியும் பார்த்தவற்றில் சிலவற்றைச் சொல்கிறோம்.

1991இல் வந்த ‘ஹோர்ட்ஸ் ஆஃப் தி திங்ஸ்’. இதில் இனமே இல்லை. வாள்வீரர், ஈட்டியாளர், மந்திரவாதி, நாயகன், பெருங்கூட்டம் என்று பொதுவான வகைகள் மட்டும். 24 புள்ளிக்குள் எந்த வகையையும் எந்தப் பொம்மையாலும் காட்டலாம். இரண்டடிச் சதுரத் துணியும் ஆளுக்கொரு பகடையும் போதும்.

2007இல் இத்தாலியரான அந்திரேயா ஸ்ஃபிலிகோயி எழுதிய ‘சாங் ஆஃப் பிளேட்ஸ் அண்ட் ஹீரோஸ்’. ஆளுக்கு ஐந்து முதல் பத்துப் பொம்மைகள் போதும். ஒவ்வொரு வீரருக்கும் தரம், போர்த்திறன் என இரண்டு எண்கள், அதோடு நாம் தேர்ந்தெடுக்கும் சிறப்புத் திறன்கள். எதற்கு எவ்வளவு புள்ளி என்பதற்குக் கணக்கு உண்டு. யாரும் போட்டுப் பார்க்கலாம். ஒரு வீரரை நகர்த்த ஒன்று முதல் மூன்று பகடை வரை உருட்டலாம். அதிகம் ஆசைப்பட்டு இரண்டு பகடை தோற்றால் உங்கள் முறை முடிந்தது. எப்போது துணிவது, எப்போது அடங்குவது என்பதைப் பிள்ளைகள் இதில் நன்றாகக் கற்றுக்கொள்கிறார்கள்.

2015இல் டேனியல் மெர்ஸி எழுதிய ‘டிராகன் ராம்பன்ட்’. இதிலும் பொதுவான பிரிவு வகைகள்தான், 24 புள்ளி. பன்னிரண்டு பொம்மை இல்லையா? அத்தனை பலமும் கொண்ட ஒரே பூதமாக ஒரு பெரிய பொம்மையை வைத்துக்கொள்ளலாம். கையில் குறைவாக இருப்பவனையும் விதி வெளியே தள்ளுவதில்லை. இவை தவிர, ‘ஒன் பேஜ் ரூல்ஸ்’ குழுவினர் அடிப்படை விதிகளை இலவசமாகவே தருகிறார்கள்.

பெரிய நிறுவனத்தின் ஒரு படைக்கு ஆயிரக்கணக்கில் ரூபாய் ஆகும். நமக்கு அது தேவையில்லை. பண்ருட்டி பொம்மைக்கும் விருத்தாசலம் பீங்கானுக்கும் பேர்போன மண் இது. களிமண், எம்-சீல், திருவிழாக் கடை பிளாஸ்டிக் சிப்பாய், அடிப்பாகத்துக்கு சோடா மூடி. எங்கள் பிள்ளைகள் மூன்றே வாரத்தில் மூன்று படை செய்துவிட்டார்கள். முன்னால் நின்று பறையடிக்கும் பெண்கள், ஹெல்மெட் போட்ட சுரங்கத் தொழிலாளர்கள், வாளி வாளியாய்ச் சக்கரம் சுழலும் சுரங்க எந்திரத்தைப் போன்ற ஒரு இரும்புப் பூதம். ஓர்க் படை எடுத்த தம்பிதான் அந்தப் பூதத்தைச் செய்தான். அட்டையும் சைக்கிள் சங்கிலியும் வைத்து.

ஆனால் சண்டை அதன்பிறகுதான் வந்தது

இத்தோடு கட்டுரையை முடித்திருந்தால் எல்லோருக்கும் மகிழ்ச்சிதான். உண்மை அப்படி முடியவில்லை.

புள்ளி போட உட்கார்ந்தோம். பறையடிப்பவருக்கு எத்தனை புள்ளி? பக்கத்தில் உள்ள வீரர்களுக்கு ஊக்கம் தரும் திறன் அவருக்கு இருக்கிறது என்றார்கள் சிலர். அப்படியென்றால் விலை ஏறும். “அவர் சண்டை போட மாட்டாரே, குறைச்சுப் போடுங்க” என்றார்கள் சிலர். ஒருவன் துப்புரவுத் தொழிலாளர்களை ‘பெருங்கூட்டம்’ வகையில் வைத்தான். அந்த விதியில் பெருங்கூட்டத்துக்கு 1 புள்ளி, நாயகனுக்கு 4. பெருங்கூட்டம் செத்தாலும் திரும்பக் கொண்டுவரலாம், மலிவு. “செத்தா என்ன, வேற ஆள் வருவாங்க” என்று அவன் விதியைத்தான் விளக்கினான். அறையில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவன் நம் பையன். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மலக்குழியில் இறங்கிச் சாகிறவர்களைப் பற்றி இந்த நாடு வைத்திருக்கும் கணக்கைத்தான் அவன் வாய் சொன்னது.

அன்றைக்கு எங்களுக்கு உறைத்தது இது. எல்லா வகையும் திறந்திருக்கும் விதியைக் கையில் கொடுத்தாலும், பட்டியல் நம் மண்டைக்குள் அச்சாகி இருக்கிறது. வெற்றுத்தாள் தந்தால் அதிலும் பழைய வரிசையையே எழுதுவோம்.

நாம் வாழும் ஊரே இதற்குச் சாட்சி. 1956இல் நிறுவனம் தொடங்கியபின் அக்ரகாரமும் சேரியும் இல்லாமல், வட்டம் வட்டமாக எண் போட்டு, வரைபடத்தில் வரைந்து கட்டிய நகரியம் நெய்வேலி. எந்தத் தெருவும் எந்தச் சாதிக்கும் சொந்தமில்லை. அது சின்ன விஷயம் அல்ல. எத்தனையோ நம் குடும்பங்கள் முதன்முதலாகப் பொதுத் தெருவில், பொதுக் குழாயில், பொதுப் பள்ளியில் தலைநிமிர்ந்தது இப்படிப்பட்ட ஊர்களில்தான். ஆனால் வீடு பதவிக்கேற்ற அளவில் வந்தது. நிரந்தரத் தொழிலாளி ஒரு பக்கம், அதே வெயிலில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளி மறுபக்கம் என்றானது. நிலம் கொடுத்த கிராமங்கள் நகரியத்துக்கு வெளியே நின்றன. புதுத் தாளில் வரைந்த ஊருக்குள்ளும் பழைய கணக்கு வேறு வேடத்தில் வந்து உட்கார்ந்தது. விதி மாறியதால் பயன் இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. விதி மாறியது முதல் வேலை; அதைக் காவல் காப்பது இரண்டாவது வேலை.

ஆகவே எங்கள் மேசைக்கு நான்கு நிபந்தனைகள் வைத்தோம். ஒன்று, புள்ளி திறனுக்கு மட்டுமே. பெயருக்கும் பிறப்புக்கும் கிடையாது. இரண்டு, கணக்கு எல்லோருக்கும் தெரியும்படி சுவரில் ஒட்டப்படும். மூன்று, ஒருவர் செய்த படையின் புள்ளியை எதிராளி சரிபார்ப்பார், தேவைப்பட்டால் கேள்வி கேட்பார். பதில் சொல்லியாக வேண்டும். நான்கு, யாருக்கும் எந்தப் படையையும் இன்னொருவர் ஒதுக்கித் தர முடியாது. துப்புரவுத் தொழிலாளர் பிரிவு இப்போது பெருங்கூட்டம் அல்ல. எந்த நிலத்திலும் தடையில்லாமல் நகரும், நஞ்சு பாதிக்காது. புள்ளியும் அதற்கேற்றபடி அதிகம். அந்தப் புள்ளியைப் போட்டது, முன்பு 1 புள்ளி போட்ட அதே பையன்.

மறுப்புகளுக்கு

ஆயத்தப் படைகளில் கதை அதிகம், சமநிலையும் பல ஆண்டுகள் சோதித்தது. சொந்தப் படை விதிகளில் கெட்டிக்காரன் ஓட்டை கண்டுபிடித்து எல்லோரையும் அடித்துவிடுவான் என்கிறார்கள். உண்மைதான். எங்களிடமும் ஒருவன் பறக்கும் வில்லாளிகளை மட்டும் வைத்து மூன்று வாரம் யாரையும் ஜெயிக்க விடவில்லை. உட்கார்ந்து பேசித் திருத்தினோம். விதியைத் திருத்தலாம் என்று தெரிந்துகொள்வதே ஒரு பாடம். கதையையும் அவரவரே எழுதிக்கொள்ளட்டும். நம்மிடம் கதைக்கா பஞ்சம்?

போரை விளையாட்டாக்கலாமா என்று கேட்பவர்களின் கவலையை மதிக்கிறோம். புத்தரின் வழியில் வந்தவர்கள் நாம். ஆனால் எங்கள் பிள்ளைகள் மேசையில் கற்றது கொலை அல்ல. யார் எண் போடுகிறார்கள், அந்த எண்ணை யார் கேள்வி கேட்கலாம் என்பதைக் கற்றார்கள். கட்-ஆஃப் மதிப்பெண்ணைக் காட்டி நம் பிள்ளைகளின் தகுதியை எடை போடும் கல்லூரி விடுதிகளுக்கு நாளை போகப்போகிறவர்கள் இவர்கள். “இந்தப் புள்ளி எப்படி வந்தது?” என்று கேட்கும் பழக்கம் அங்கே உயிர் காக்கும்.

உங்கள் ஊரில் விளையாட நினைத்தால் விலையுயர்ந்த பெட்டியோடு தொடங்காதீர்கள். இனம் இல்லாத விதியை எடுங்கள். களிமண்ணை எடுங்கள். முதல் நாளே புள்ளிக்கணக்கைச் சுவரில் ஒட்டுங்கள். யாராவது யாரிடமாவது “இதுதான் உனக்குக் கரெக்ட்” என்று சொன்னால், ஆட்டத்தை அங்கேயே நிறுத்திவிட்டுப் பேசுங்கள். நாங்கள் அன்றைக்கு நிறுத்தவில்லை. அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே ஓர்க் பொம்மையை எடுத்தபோது நாங்களும் அறையில்தான் இருந்தோம். அதை மறக்காமல் இருக்கத்தான் இதை எழுதினோம்.

ஜெய்பீம்.